நேற்று ஓடிய ரோபோ

பாயான் பாரு மாமாக் கடை. பக்கத்து மேசையில் படிவம் நான்கு மாணவர்கள் ஐந்து பேர். தே ஓ ஐஸ் தம்ளர்களுக்கு நடுவே ஒரு லெகோ ரோபோ, அதன் தலையில் டிஷ்யூ தாள். வடிவமைப்பு பரம ரகசியமாம். கால் மணி நேரத்தில் எத்தனை மோட்டார், எந்த கியர், கை எப்படித் தூக்கும் என்பதெல்லாம் கடைக்கே தெரிந்துவிட்டது. ரொட்டி சானாய் வீசுபவர்கூட ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனைதான்.

1972-இல் இன்டெல் கால்வைத்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை இங்கிருந்து கூப்பிடு தூரம். ஆகவே அணிக்கு ஒரு இன்ஜினியர் அப்பா நிச்சயம். "எங்கப்பா பார்த்துட்டு ஓகேன்னாரு மச்சான்" என்பதுதான் தரச் சான்றிதழ்.

இவர்கள் போகும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில் ரோபோ ஆட்டம் இரண்டரை நிமிடம். "நேத்து பத்துக்குப் பத்து ஓடுச்சு" என்கிறான் ஒருவன். எந்த அணியின் ரோபோவும் நேற்று ஓடியிருக்கும். போட்டியன்று ஓடாவிட்டால் சொல்ல வேண்டியதும் இப்போதே தயார்: மண்டப வெளிச்சம்! அதில் பொய்யில்லை. கலர் சென்சர் தரையிலிருந்து திரும்பும் ஒளியை அளந்துதான் கறுப்புக் கோட்டைப் பிடிக்கிறது. ஜன்னல் வெயில் விழுந்தால் தடுமாறும். ஆனால் நிரல் எழுதி முடிக்கும் முன்பே காரணத்தை எழுதி முடித்துவிட்டார்கள், கெட்டிக்காரர்கள்.

நடுவர்களே, அன்றைக்கு ஜன்னல் திரையை மட்டும் இழுத்துவிடுங்கள். பிள்ளைகள் வேறு காரணம் தேடட்டும்.