அக்னி ஸ்தலத்தில் ஆறரை ஆம்ப்ஸ்

திருவண்ணாமலை அக்னி ஸ்தலம். இங்கே மலை உச்சியில் தீ தெரிந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். பிளக் பாயிண்டில் தெரிந்தால் லைன்மேனைத் திட்டுவோம்.

எங்கள் வீட்டுக்கார அம்மா, பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்கு முன்னறையை ஒரு ராத்திரி வாடகைக்கு விடுவார். 14 கிலோமீட்டர் நடந்து கால் வீங்கி வருபவரிடம் முதலில் சொல்வது, "செல்லுக்கு சார்ஜ் போடாதீங்க, பில்லு ஏறுது." அடுத்த மூச்சிலேயே, "பாவம், கால் வலிக்கும். ராடு போட்டு வெந்நீர் வெச்சுக்குங்க."

இந்தக் கருணைக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். வோல்ட்டை ஆம்ப்ஸால் பெருக்கினால் வாட்ஸ். சார்ஜருக்கு 5 வோல்ட், 2 ஆம்ப்ஸ். ஆக 10 வாட்ஸ். ராடின் கைப்பிடியில் பாதி அழிந்த எழுத்து: 230 வோல்ட், 1500 வாட்ஸ். அது வாளியில் பத்து நிமிஷம் கிடந்து தின்னும் கரண்டில் சார்ஜரை 25 மணி நேரம் ஓட்டலாம்.

"அதான் நூறு யூனிட் ஃப்ரீயாச்சே தம்பி?"

2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்தான். தினம் ஒரு மணி நேரம் ராடு போட்டால் ஒன்றரை யூனிட், 60 நாளில் 90. மீதி பத்தில் ஃபேன், ஃபிரிட்ஜ், அம்மாவின் சீரியல் எல்லாம் நடக்க வேண்டும்.

அந்த ராடைச் சொருகியிருந்ததோ 5 ஆம்ப்ஸ் சின்ன பிளக் பாயிண்டில். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் ஆறரை. பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு ஓட்டை உருகிக் கோணி, கிட்டே போனால் கருகல் வாடை. ஃபியூஸாவது போயிருக்க வேண்டுமே என்று கட்டையைப் பிடுங்கிப் பார்த்தால், எலக்ட்ரீஷியன் கம்பியை மூன்றாக முறுக்கிக் கட்டியிருந்தார். "இனிமே ஃபியூஸ் போகவே போகாதும்மா" என்று உத்தரவாதமும் கொடுத்தாராம். வாஸ்தவம். வீடு போகும், ஃபியூஸ் போகாது.

"பௌர்ணமி அன்னிக்கு லோ வோல்டேஜு. அதான் ராடு ஜாஸ்தி இழுக்குது" என்றார் அம்மா, விடாமல்.

ஜெர்மனியில் வாத்தியாராக இருந்த ஓம், 1827-இல் புத்தகமாகவே போட்டுவிட்டார்: வோல்ட்டை ஆம்ப்ஸால் வகுத்தால் தடை. 230-ஐ ஆறரையால் வகுத்தால் சுமார் 35 ஓம். ராடின் தடை பௌர்ணமி, அமாவாசை பார்த்து மாறாது. வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் ஓடுவது 5 ஆம்ப்ஸ் சொச்சம். கிடைப்பது 920 வாட்ஸ். தண்ணீர் சுட நேரமாகும், அவ்வளவுதான். ஜாஸ்தி இழுத்துச் சூடாவது மோட்டாரின் குணம். அந்தப் பழியை ராடின் மேல் போடக் கூடாது.

கணக்கு ருசித்துப்போய், மலை உச்சியில் ஏற்றும் மகாதீபத்துக்கும் போட்டேன். வழக்கமாகச் சொல்லும் 3,500 கிலோ நெய்யில், கிலோவுக்குப் பத்து யூனிட் சூடு என்றாலும் 35,000 யூனிட். அம்மாவின் ராடு அதை எட்ட, ராப்பகலாக இரண்டரை வருஷத்துக்கு மேல் எரிய வேண்டும்.

"அண்ணாமலையாருக்கு பில்லு வராது. எனக்கு வருதே!"

இதற்கு ஓமிடமும் பதில் இல்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ராடின் வாட்ஸை இன்றே 230-ஆல் வகுத்துப் பாருங்கள். ஐந்தைத் தாண்டினால் 15 ஆம்ப்ஸ் பெரிய பிளக்கில் மட்டும் சொருகுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே வாளியில் கை வையுங்கள். விருந்தாளி செல்லுக்கு சார்ஜ் போட்டால், போட்டுவிட்டுப் போகட்டும்.