மொட்டைக் கடுதாசி வம்சம்

அந்தக் காலத்து மொட்டைக் கடுதாசிக்காரருக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருந்தது. இடது கையால் எழுதி, அடுத்த ஊர்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவார்.

இந்தக் காலத்துக்காரர்களுக்கு வருவோம். 2021 ஜூலை 11, லண்டன் வெம்பிளி மைதானம். யூரோ கால்பந்து இறுதியாட்டத்தில் பெனால்டி உதைகளில் இங்கிலாந்து இத்தாலியிடம் தோற்றது. உதையைக் கோலாக்க முடியாத ராஷ்ஃபோர்டு, சான்சோ, சாகா மூவருமே கறுப்பர்கள். சாகாவுக்கு வயது 19. அதுவரை ‘நம்ம பையன்கள்’. ராஷ்ஃபோர்டின் பந்து கம்பத்தில் பட்டதோ இல்லையோ, பையன்கள் அந்நியராகிவிட்டார்கள். அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கங்களில் குரங்குப் படங்கள் குவிந்தன. புகார் செய்த சிலருக்கு, ‘இதில் விதிமீறல் ஏதுமில்லை’ என்று இன்ஸ்டாகிராமின் எந்திரம் பதில் அனுப்பியது. அதற்கென்ன, குரங்கைக் குரங்காகத்தானே பார்க்கும்! பிறகு, தவறு நடந்துவிட்டது என்றார்கள் இன்ஸ்டாகிராம்காரர்கள்.

முகம் காட்டாத கோழைகள், கணக்குத் தொடங்க அடையாள அட்டை கேட்டால் அடங்கிவிடுவார்கள் என்று ஊரே சொன்னது. இதே வசை குவிந்த ட்விட்டர் கணக்குப் பார்த்தது. அது நிரந்தரமாக முடக்கியவர்களில் 99 சதவீதம் பேர், ஆள் யாரென்று கண்டுபிடிக்கக்கூடியவர்கள்தானாம். முகமூடிச் செலவுகூட வைக்கவில்லை.

மான்செஸ்டரில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தின் மேல் யாரோ வசை கிறுக்க, ஊர்க்காரர்கள் காகித இதயங்களை ஒட்டி மறைத்தார்கள். கிறுக்கியவர் மட்டும் பெயர் போடவில்லை. பழைய கடுதாசி வம்சமாக இருக்கும்.