சமவாய்ப்பு ஒருங்கிணைப்பாளர்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அதிகார வரிசையில் துணைவேந்தர், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆகியோருக்கு வெகு கீழேயும், விழாப் புகைப்படங்களில் அவர்களுக்கு வெகு அருகிலும் காணப்படுபவர் சமவாய்ப்பு ஒருங்கிணைப்பாளர். சாதி, மதம், மொழி, பாலினம், மாற்றுத்திறன் ஆகியவற்றின் பெயரால் எந்த மாணவரும் ஒதுக்கப்படாமல், இந்த வளாகம் தமக்கும் உரியது என்று ஒவ்வொருவரும் உணரும்படி செய்வது அவருக்கு இடப்பட்ட பணியாகும். அவ்வாறு உணர்ந்துவிட்டார்கள் என்பதற்குச் சான்று திரட்டுவதே அவர் செய்யும் பணியாகும்.

இவ்வகையினர் இயல்பாகத் தோன்றுவதில்லை, ஆணையால் தோன்றுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்ட சமத்துவ விதிகள், உயர்கல்வி நிறுவனங்கள் சமவாய்ப்பு மையம் ஒன்றை அமைக்க வேண்டும் என்றும், பாகுபாடு குறித்து வரும் புகார்களை 60 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும் என்றும் பணித்தன. அவற்றைத் தாங்கிவந்த சுற்றறிக்கை துறை துறையாகக் கைமாறி, அன்று விடுப்பில் இருந்த பேராசிரியரின் பெயருக்கு வந்ததும் நின்றது. அவர் ஏற்கெனவே நாட்டு நலப்பணித் திட்டத்தையும், ராகிங் தடுப்புக் குழுவையும், மரம் நடும் குழுவையும் சுமந்துகொண்டிருந்ததால், பொறுப்பேற்பதில் பழுத்த அனுபவம் உடையவர் என்ற காரணம் ஆணையில் தவறாமல் இடம்பெற்றது.

அவரை இயக்கும் விசை 'நாக்' எனப்படும் தேசிய மதிப்பீட்டு மற்றும் அங்கீகாரக் குழுவாகும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு, உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் இந்த அமைப்பு, வேற்றுமைகளை அரவணைக்கும் சூழலை உருவாக்க நிறுவனம் என்ன செய்தது என்றும் கேட்கிறது; விடையோடு ஜியோடேக் படங்களை, அதாவது எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பொறிக்கப்பட்ட படங்களை, இணைப்பது வழக்கமாகிவிட்டது. எனவே ஒருங்கிணைப்பாளர் அதற்கான செயலி ஏற்றிய கைப்பேசியின்றி எங்கும் செல்வதில்லை என்பதோடு, தம் வளாகத்தில் சகோதரத்துவம் எந்த அட்சரேகையில், எத்தனை மணிக்கு நிலவியது என்று யார் கேட்டாலும் பிசகாமல் சொல்லக்கூடியவராகவும் இருக்கிறார்.

அவருடைய ஆண்டு, புதிய மாணவர்களுக்கான அறிமுக விழாவில் தொடங்குகிறது. தமிழ்வழியில் பயின்று வந்தவர்கள் ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சத் தேவையில்லை என்பதை அவர் அங்கே ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் விளக்குகிறார். அடுத்து வரும் பண்பாட்டு நாளில், வடகிழக்கு மாநிலத்திலிருந்து புள்ளியியல் படிக்க வந்த மாணவர் மேடையேறி நடனமாட வேண்டியிருக்கிறது. தமக்கு ஆடத் தெரியாது என்று அவர் எவ்வளவு சொன்னாலும், அது அடக்கத்தின் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளமோ, 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயரக் கூடாது என்ற அளவு பிசகாமல் கட்டப்பட்டிருக்கிறது. அதன் உச்சியில் உள்ள கம்பிக் கதவின் சாவி காவலாளியிடமும், காவலாளி தேநீர்க் கடையிலும் இருப்பது படத்தில் தெரிவதில்லை.

அவரது அறைச் சுவரில் 2012ஆம் ஆண்டு விதிகள் லேமினேட் செய்து மாட்டப்பட்டுள்ளன. மாணவரின் சாதியை வகுப்பில் வெளிப்பட அறிவிப்பதும் பாகுபாடே என்று அவை சொல்கின்றன. அதே கட்டடத்தின் மேல்தளத்தில் அலுவலக உதவியாளர் உதவித்தொகைப் பட்டியலுடன் வகுப்புக்குள் நுழைந்து, "எஸ்சி, எஸ்டி ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்கிறார். எழுந்தவர்களும் எழாதவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்த அரை நிமிடத்தில், மூன்று கருத்தரங்குகளும் ஒரு பண்பாட்டு நாளும் சேர்த்துக் கட்டியது சரிந்துவிடுகிறது. ஒருங்கிணைப்பாளருக்கு இது தெரியாது. யாரும் புகார் கொடுக்கவில்லை.

புகார் கொடுப்பதற்கு வழியில்லை என்று சொல்லிவிட முடியாது. பதிவாளர் அலுவலக வாயிலில், கண்காணிப்புக் கேமராவுக்கு நேர் கீழே, பூட்டிய பெட்டி ஒன்று தொங்குகிறது. மாதந்தோறும் அதைத் திறந்து, பதிவேட்டில் 'புகார்: இல்லை' என்று எழுதிக் கையொப்பமிடும்போது அவர் முகத்தில் தோன்றும் நிறைவு உண்மையானது. அவர் தீயவர் அல்லர். முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்காமல், கல்விக் கட்டணச் சலுகை கைநழுவும் நிலையில் கலங்கி நின்ற மாணவிக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தம் செலவில் மூன்று முறை சென்று வந்தவரும் அவரே. அந்தப் பயணங்களை அவர் எந்த அறிக்கையிலும் சேர்க்கவில்லை, அவற்றைப் பணி என்றே அவர் கருதாததால்.

அவருடைய பிழை கணக்கில் இருக்கிறது. புகாரின்மையை அவர் நிறைவு என்று வரவு வைக்கிறார். விருந்தாளி சாம்பார் பிரமாதம் என்பார், வீட்டுப் பிள்ளைதான் உப்பு இல்லை என்பான். அதுபோல, இடம் தனக்கும் உரியது என்று நம்புகிற மாணவரே குறை சொல்லத் துணிகிறார், மற்றவர்கள் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பதிவேடு காலியாக இருக்கும்வரை வளாகம் முழுவதும் விருந்தாளிகளே இருக்கிறார்கள்.

இத்தகைய ஒருங்கிணைப்பாளரின் பணிக்காலத்தில் என்றேனும் ஒருநாள் பெட்டியில் ஒரு தாள் விழுவதுண்டு. சமவாய்ப்பு மையக் குழுவின் மாணவர் பிரதிநிதியாகத் தம் பெயர் ஆண்டறிக்கையில் அச்சாகியிருப்பதை அதைப் படித்தே தெரிந்துகொண்டதாகவும், நடந்ததாகச் சொல்லப்படும் நான்கு கூட்டங்களில் ஒன்றுக்கும் தமக்கு அழைப்பு வரவில்லை என்றும், உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் வாசிக்கும் வழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதால் ஐந்தாவது கூட்டத்தை உடனே கூட்டுமாறும் அதே முதல் பட்டதாரி மாணவி அதில் எழுதியிருப்பார். தமக்குக் குறிப்பாணை வருமோ என்று ஒருங்கிணைப்பாளர் இரவெல்லாம் கலங்கினாலும், மறுநாளே கூட்டத்தைக் கூட்டிவிடுகிறார். மாணவி பேசுகிறார், உறுப்பினர்கள் மறுக்கிறார்கள், வாக்குவாதம் மதிய உணவு வேளையைத் தாண்டியும் நீள்கிறது, பட்டியலை இனி வகுப்பில் வாசிப்பதில்லை என்ற முடிவும் எட்டப்படுகிறது. அந்தப் பரபரப்பில் படம் எடுக்க எல்லோரும் மறந்துபோனதால், அப்படி ஒரு கூட்டம் நடந்ததற்கு நாக் கோப்பில் எந்தச் சான்றும் இல்லை.