தரம் பிரிக்கும் கட்டைவிரல்

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பதனிட்ட தோலைக் கட்டைவிரலால் தடவியே தரம் பிரித்து, உண்ணி கடித்த தழும்பு ஒன்றுக்காகவே விலையைக் குறைத்துவிடும் வணிகர், தம் வலைத்தளத்திற்கு ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகளை இரவும் பகலும் இணையத்தில் வைத்திருக்கும் சர்வரில் வாடகை இடம், பிடிக்கும்போது மட்டும் முதலாண்டுத் தள்ளுபடியைக் கண்டதுமே பணம் கட்டிவிடுகிறார். இரண்டாம் ஆண்டின் புதுப்பிப்புக் கட்டணம் பொடியெழுத்தில் இருப்பதால், தழும்பறிந்த அந்தக் கண்ணுக்கு அது தென்படுவதில்லை. ஹோஸ்டிங் நிறுவனம் தரும் 99.9 விழுக்காடு இயக்க உறுதி என்பது, ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம் தளம் முடங்கிக் கிடக்கலாம் என்பதற்கு வணிகரே அளிக்கும் முன்னனுமதி; அந்த மணிகள் ஜெர்மானிய இறக்குமதியாளர் ஷூ மாதிரிகளைப் பார்வையிடும் வேளையில் வாரா என்று (நல்வாய்ப்பாக!) எவரும் பொய் சொல்வதில்லை. காப்புநகல் எடுப்பவர் யார், நள்ளிரவில் தொலைபேசியை எடுப்பவர் யார் என்பவற்றைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குக.