இல்லாத விமானத்தின் பயண நேரம்

சேலம் விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் வரை தூரம் சுமார் 340 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 55 நிமிடம். செல்போனில் தட்டிய நொடியில் பதில் வந்து நிற்கிறது. அப்படியொரு விமானமே கிடையாது என்பதை மட்டும் அது சொல்வதில்லை. பெண் பார்ப்பதற்கு முன்பே முகூர்த்தம் குறித்துக் கொடுக்கும் ஜோசியர் மாதிரி.

கணக்கு எளிது. தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி கூட்ட வேண்டும். ஆனால் ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் உள்ள சேலம் நிலையத்தில் இருப்பதோ 1,800 மீட்டர் சொச்சம் ஓடுபாதை. அதில் வந்து இறங்குவது விசிறி சுழலும் ஏடிஆர். அது 500-ஐத் தொட்டால் பெரிது.

அந்த விமானமும் நினைத்தால்தான் வரும். 1993-ல் திறந்த நிலையம் பல வருடம் சும்மா கிடந்து, 2018-ல் உடான் திட்டத்தில் விழித்து, மறுபடி தூங்கி, 2023-ல் மீண்டும் கண் திறந்தது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 78 டிகிரியில் இருக்கின்றன. அட்சரேகையில் மூன்று டிகிரி வித்தியாசம், டிகிரிக்கு 111 கிலோமீட்டர். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால் கரூர், திண்டுக்கல், மதுரை என்று நூல் பிடித்தாற்போல் தெற்கே இறங்கும். பஸ்கூட அநேகமாக அந்தக் கோட்டிலேயேதான் போகிறது.

என் மனைவிக்குத் தூத்துக்குடி. மைத்துனர் போனில் பிடித்துக்கொண்டார். “ஒங்க ஊர்ல ஏர்போர்ட் இருக்கு, எங்க ஊர்லயும் இருக்கு. ஏறி உக்காந்தா வந்துரலாம்லா அத்தான்?”

டிராவல்ஸ்காரரிடம் கேட்டேன். “சென்னை போய் மாறணும் சார்.” சேலத்திலிருந்து சென்னை 265, அங்கிருந்து தூத்துக்குடி 530. மொத்தம் கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இதில் பாதி வழியில் மீனம்பாக்கத்தில் உட்கார்ந்து மூக்கு எப்போது வரும் என்று பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. “வேணும்னா பெங்களூரு வழியா பாக்கட்டுமா?” தெற்கே போகிறவனை வடக்கே இன்னொரு மாநிலத்துக்கு அனுப்பும் இரக்கம்.

பஸ்ஸில் வருகிறேன் என்று சொன்னதும் மைத்துனர் பதறினார். “அய்யோ அத்தான், நீங்க பிளைட்ல வாரீங்கன்னு தெருவே தெரியும்லா!”

கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ஒண்ணு செய்ங்க. திருநெல்வேலி பஸ்ல வாங்க. அங்கேருந்து தூத்துக்குடி பஸ் ஏறி வாகைக்குளத்துல எறங்கிருங்க. நான் ஏர்போர்ட் வாசல்ல காரோட நிக்கேன்.”