துடுப்பு வாங்கும் படலம்

பலகைமேல் நின்றபடி துடுப்புப் போடும் விளையாட்டில், பலகையைவிடத் துடுப்புக்குத்தான் ஆராய்ச்சி அதிகம். நம் உயரத்துக்கு மேல் 15 முதல் 25 சென்டிமீட்டர் இருந்தால் போதும், கணக்கு அவ்வளவுதான். ஆனால் கடையில் அலுமினியம் நம்மைப் பரிதாபமாகப் பார்க்கும். கார்பன் ஃபைபர் நம் பர்ஸைப் பார்க்கும். அலுமினியம் கிட்டத்தட்ட ஒரு கிலோ, கார்பன் அதில் பாதி. அந்த அரைக் கிலோவைக் குறைக்கப் பல ஆயிரம் கொடுப்பவர், இடுப்பில் சுமக்கும் பத்துக் கிலோவைப் பற்றி மூச்சே விடுவதில்லை. (கோவளத்துக் கட்டுமரக்காரர்கள் காதில் இது விழாமலிருக்கட்டும்.)

துடுப்பின் தட்டையான பாகம் முன்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். வாங்கியவரோ அதைத் திருப்பிப் பிடித்து, சாம்பார் வாளியில் கரண்டி விட்டதுபோல் தண்ணீரை அள்ளிக்கொண்டிருப்பார். கம்பெனி பெயர் மட்டும் கரையிலிருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.