அமுக்குற விரலுக்கு ஒரு யோசனை

ஏலே பேராண்டி, கொல்கத்தா கரியாஹாட்டுச் சேலைக்கடைக் கணக்கெல்லாம் உன் கையிலதான்னு உங்க அம்மா ஊர்பூரா பீத்துறா. வந்து பாத்தா, மாசம் 14ஆம் தேதி தாண்டுனதும் நீ ஜிஎஸ்டி தளத்துல ஒவ்வொரு கடைக்கா உள்ள போயி, 2பி வரவுப் பட்டியலை இறக்கி, வெளிய வந்து, மறுபடி உள்ள போயி... இதுக்கா பி.காம்? கீழ பிளாட்பாரத்துல சேலை விக்கிறவன்கூட ஆளுக்கொரு விலை சொல்லிப் புத்தியைத் தீட்டுறான். நீ விரலைத் தீட்டுறே.

நான் பட்டிக்காட்டான், எனக்கென்ன தெரியும்? ஆனா சிகாகோவுல ஜேசன் ஹக்கின்ஸ்னு ஒருத்தன், ஆபீசுச் செலவுக்கணக்குப் படிவத்தைச் சோதிச்சுச் சோதிச்சே சலிச்சுப்போயி 2004ல செலினியம்னு ஒண்ணு எழுதுனான். பிரவுசரைத் தானே தொறந்து, கட்டத்தை நிரப்பி, பட்டனை அமுக்கும். காசும் கேக்காது. உன்னைப்போலச் சோம்பேறிதான் அவனும். என்ன, அவன் சோம்பல் உருப்படியாச்சு.

உடனே தட்டப்போறியாக்கும்? பொறு. 'அஞ்சு செகண்டு தூங்கிட்டு அமுக்கு'ன்னு எழுதாதே. தளம் மந்தமானா இல்லாத பட்டனைத் தேடி மூர்ச்சையாகும். பட்டன் வந்த பொறவு அமுக்கச் சொல்லு. கோப்போட வாலுல '.சிஆர்டவுன்லோட்'னு தொங்குனா, குரோம் இன்னும் இறக்கி முடிக்கலேன்னு அர்த்தம். கோப்புக்குக் கடைபேரை வை. இல்லேன்னா சேலைக்கடை வரவு பாத்திரக்கடைக்குப் போயிரும், கடைக்கார தாதா உன்னைக் கொழம்பு வச்சிருவாரு. கடைக்காரங்க பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள்ள எழுதித் தொலைக்காதே. நுழையுறப்ப வர்ற கோணல் எழுத்தை நீயே அடி. மனுசன்தானான்னு கேக்குது, அதுக்கும் மிஷினை விட்டு 'ஆமா'ன்னு சொல்லவச்சா நல்லாவா இருக்கு?

இறக்குறதை அதுக்கு விடு, 3பி ரிட்டர்ன் தாக்கல் பட்டனை மட்டும் விடாதே. ஒருதடவை போட்டா அந்த ரிட்டர்னைத் திருத்த வழியில்லை, பின்னால வர்ற மாசத்துலதான் சரிக்கட்டணும்.

ரொம்பச் சூரனாகவும் வேண்டாம். 2017 டிசம்பர்ல, தட்கல் டிக்கெட்டை மொத்தமா அள்ளுற 'நியோ'ங்கிற மென்பொருளை எழுதுனதாச் சொல்லி ஒருத்தரைக் கைது பண்ணுனாங்க. பிடிச்சது சிபிஐ. பிடிபட்டவரு? சிபிஐ-யிலேயே புரோகிராமர்! நாடெல்லாம் தேடுறவங்களுக்குப் பக்கத்து நாற்காலி தெரியலை பாரு.

அது கெடக்கட்டும். நாளன்னைக்கு நான் ஊருக்குப் போகணும், ஷாலிமார்ல கோரமண்டல் ரயிலு. ஸ்லீப்பர் தட்கல் நாளைக்கு 11 மணிக்குத் தொறக்கும். ஸ்கிரிப்டு கிரிப்டுன்னு கெளம்பாம, தாத்தனுக்குக் கையாலேயே போடு.